பெயர் மாறி வந்த நிலவாகை: ஒரு ‘குடல் சுத்தி’ மாத்திரையைப் பற்றி

பாட்டில் இன்னும் என் மேசைமேல்தான் இருக்கிறது. பழுப்புக் கண்ணாடி, மூங்கில் மூடி, பச்சை லேபிளில் ஓர் இலையின் கோட்டோவியம். அறுபது மாத்திரை, விலை 649 ரூபாய். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு மாத்திரை, தினமும் என்று போட்டிருக்கிறது. எட்டு மாதம் சாப்பிட்டேன். நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. இதே சரக்கை இதே போன்ற பாட்டிலில் அடைத்து வெவ்வேறு பெயர்களில் இணையத்தில் விற்கிறார்கள். ஒன்றின் பெயரைச் சொன்னால் மற்றவை நல்லவை என்று ஆகிவிடும். அதனால் லேபிளின் பின்பக்கத்தில் எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன். அது எல்லாப் பெயருக்கும் பொருந்தும்.

நான் பாளையங்கோட்டையில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிறவன். முப்பத்து நான்கு வருடமாக இதே நாற்காலி. காலை ஒன்பதரைக்கு உட்கார்ந்தால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் எழுவேன். வயது அறுபத்தொன்று. ரத்தக்கொதிப்புக்கு ஆறு வருடமாக மாத்திரை சாப்பிடுகிறேன். உட்கார்ந்த வேலை, தண்ணீர் குடிப்பதும் குறைவு, ஆகவே மலச்சிக்கல் இருந்தது. இரண்டு நாளுக்கு ஒருமுறை, சில வாரம் மூன்று நாளுக்கு ஒருமுறை. பெங்களூரில் இருக்கும் மகள் போனில் இதைக் கேட்டுவிட்டு, மறுநாளே ஆர்டர் போட்டு அனுப்பிவிட்டாள். ‘மூலிகைதான் அப்பா, பக்கவிளைவே கிடையாது’ என்றாள். லேபிளின் முன்பக்கமும் அதையேதான் சொன்னது.

முதல் வாரம் நன்றாக இருந்தது. அதை நான் மறைக்க மாட்டேன். மூன்றாம் நாள் காலை ஐந்தரைக்கு, அலாரம் வைத்ததுபோல வயிறு இளகியது. வருடக்கணக்கில் தெரியாத ஒரு லேசான உணர்வு. அச்சகத்தில் நண்பர்கள் இரண்டு பேருக்குப் பரிந்துரையும் செய்தேன். அவர்களிடம் பின்னர் நானே போய் நிறுத்தச் சொன்னேன் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

மூன்றாவது வாரத்தில் வலி தொடங்கியது. விடியற்காலை நாலரை மணிக்குத் தொப்புளைச் சுற்றி, ஈரத்துணியை இரண்டு கையால் பிழிவதுபோல ஒரு முறுக்கு. ஒரு நிமிடம் பிழியும், விடும், மறுபடி பிழியும். மூன்றாம் முறையில் ஓட வேண்டியிருக்கும். முதலில் கட்டியாக, அடுத்து இளகலாக, கடைசியில் வெறும் தண்ணீராக. அலுவலகம் போகும் பஸ்ஸுக்கு முன்னால் மூன்று முறை போய்வந்தால்தான் தைரியம் வரும். சிறுநீர் ஒருநாள் செம்பழுப்பாகப் போனதைப் பார்த்துப் பயந்துவிட்டேன். வயிற்றில் எந்நேரமும் காற்று புரளும் சத்தம். சத்தம் போடாமல் படிக்கும் வேலையில் பக்கத்து மேசைக்குக் கேட்கிற சத்தம்.

பாட்டிலில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தேன். பேசிய பெண் மிகவும் மரியாதையாகப் பேசினார். பெயரைக் கேட்டார், வயதைக் கேட்டார், எத்தனையாவது பாட்டில் என்று கேட்டார். வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறேன் என்று மட்டும் கேட்கவில்லை. “சார், அது உடம்பில் சேர்ந்த நச்சு வெளியேறுவதன் அறிகுறி. பயப்படாமல் தொடருங்கள். இடையில் நிறுத்தினால் நச்சு திரும்பத் தங்கிவிடும்” என்றார். இந்த மதிப்புரையை எழுதுவதற்கு முதல் காரணம் அந்த வாக்கியம்தான். வயிற்றுவலி என்பது உடம்பு ‘போதும்’ என்று சொல்லும் சொல். அதையே மருந்து வேலை செய்வதன் அடையாளம் என்று மாற்றிச் சொல்லிவிட்டால், வலிக்க வலிக்க மனிதன் இன்னும் விசுவாசமாகச் சாப்பிடுவான். நான் சாப்பிட்டேன்.

நான்காம் மாதம் இரண்டு மாத்திரைக்கு வயிறு அசையவில்லை. மூன்றாக்கினேன். மறுபடி போன் செய்து கேட்டபோது அதற்கும் சரி என்றார்கள். என் மனைவி அப்போதே சொன்னாள்: “ஏங்க, மருந்து கூடிக்கொண்டே போகிறதென்றால் வியாதி குறையவில்லை என்றுதானே அர்த்தம்?” அவளுக்குப் பதில் சொல்லாமல் பேச்சை மாற்றினேன்.

ஆறாம் மாதத்தில் இருந்து இரவில் கெண்டைக்கால் சதை முறுக்கிக்கொள்ள ஆரம்பித்தது. வயதாகிறது என்று நினைத்தேன். அச்சகத்தின் மாடிப்படி பதினெட்டுப் படி. பத்தாவது படியில் கைப்பிடியைப் பிடித்து நிற்க வேண்டியதாயிற்று. திருத்தும்போது பேனா பிடித்த விரலில் வலுவில்லை. எட்டாம் மாதக் கடைசியில் ஒருநாள் காலை கழிவறையில் இருந்து எழுந்தபோது கண் இருட்டி, கதவைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டேன். அன்றே மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார்கள்.

ரத்தத்தில் பொட்டாசியம் 2.9. இருக்க வேண்டியது 3.5க்கும் 5க்கும் இடையில். உடனே இ.சி.ஜி. எடுத்தார்கள். பொட்டாசியம் மேலும் இறங்கியிருந்தால் இதயத்துடிப்பே தாறுமாறாகியிருக்கும் என்று டாக்டர் சொன்னார். அவர் கேட்ட முதல் கேள்வி: “பேதி மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா?” நான் சொன்ன பதில்: “இல்லை டாக்டர்.”

பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே அப்படித்தான் நம்பினேன். ஆறு வருடமாக ஒவ்வொரு மருத்துவரிடமும் மருந்துச் சீட்டை ஒழுங்காகக் காட்டுகிறவன் நான். இந்தப் பாட்டிலை மட்டும் அந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை. அது மூலிகை, அது உணவுபோல, அது மகள் வாங்கித் தந்தது. பக்கத்தில் நின்ற மனைவிதான், “இரவில் ஒரு பச்சை மாத்திரை சாப்பிடுகிறார் டாக்டர்” என்றாள். இதைப் படிப்பவர்கள் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். மருத்துவர் “என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்” என்று கேட்டால் சூரணம், லேகியம், கஷாயப் பொடி, கேப்சூல் எல்லாவற்றையும் சொல்லுங்கள். பாட்டிலையே கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.

என் ரத்தக்கொதிப்பு மாத்திரையில் நீர் பிரிக்கும் மருந்தும் சேர்ந்திருக்கிறது. குளோர்தாலிடோன் என்று பெயர். அது சிறுநீர் வழியாகப் பொட்டாசியத்தை வெளியேற்றும். பேதி மலத்தின் வழியாக வெளியேற்றும். எட்டு மாதமாக இரண்டு வாசலும் திறந்தே கிடந்திருக்கின்றன.

வயது ஐம்பதைத் தாண்டியவருக்கு மலம் கழிக்கும் பழக்கம் மாறினால் உள்ளே பார்த்துவிடுவது நல்லது என்று பெருங்குடல் உள்நோக்கிப் பரிசோதனையும் செய்யச் சொன்னார்கள். அந்த அறிக்கையில் நான்கு வண்ணப் படங்கள் இருந்தன. குடலின் உட்சுவர் இளஞ்சிவப்பாக, ஈரமாக மின்ன வேண்டுமாம். என் படத்தில் அது கரும்பழுப்பாக இருந்தது. சும்மா பழுப்பு இல்லை. பழுப்பின் நடுவே வெளிறிய வலைக்கோடுகள் ஓடி, தேரையின் முதுகைக் கிட்டத்தில் பார்ப்பதுபோல இருந்தது. அச்சகத்தில் பூதக்கண்ணாடி வைத்திருக்கிறேன். அன்று இரவு அதை வைத்து அந்தப் படத்தைப் பார்த்தேன். என் உடம்பின் உட்புறம் இப்படி நிறம் மாறிக் கிடந்ததை எட்டு மாதம் நான் ‘சுத்தம்’ என்று நம்பியிருக்கிறேன்.

இதற்கு மெலனோசிஸ் கோலை என்று பெயர் சொன்னார் டாக்டர். சில வகைப் பேதி இலைகளை மாதக்கணக்கில் சாப்பிட்டால் வருவது. குடல் சுவரின் செல்கள் சிதைந்து, அந்தக் கழிவு நிறமியாகத் தங்குவதுதான் அந்தப் பழுப்பு. புற்றுநோய் இல்லை, மருந்தை நிறுத்தினால் சில மாதங்களில் தானே மறையும் என்றும் சொன்னார். அந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்டபிறகுதான் என் மனைவி நாற்காலியில் உட்கார்ந்தாள்.

ஆனால் எந்த இலை? லேபிளில் ஐந்து பெயர் ஆங்கில எழுத்தில் இருந்தது. ஹரீதகி, சௌன்ஃப், இசப்கோல், யஷ்டிமது, ஸ்வர்ணபத்ரி. முதல் நான்கும் கடுக்காய், சோம்பு, இசப்கோல் உமி, அதிமதுரம் என்று எனக்கே தெரியும். ஐந்தாவதைத் தங்க இலை என்று பொருள் பிரித்து, ஏதோ வடநாட்டு மூலிகை என்று விட்டுவிட்டேன்.

மருத்துவமனையில் இருந்து வந்த மறுவாரம் திருநெல்வேலி டவுனுக்குப் போனேன். ரத வீதியில் ஒரு பழைய நாட்டு மருந்துக் கடை இருக்கிறது. கடைக்காரருக்கு என்னைவிட வயது அதிகம். இரண்டு மாத்திரையைக் காகிதத்தில் வைத்துக் கொடுத்தேன். எடைக்கல்லின் அடிப்பக்கத்தால் ஒன்றை நசுக்கினார். பொடியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தேய்த்து மூக்கருகில் கொண்டுபோனார். நாக்கு நுனியில் ஒரு துளி வைத்து, உடனே வெளியே துப்பினார். அரை நிமிடம்கூட ஆகவில்லை.

“அண்ணாச்சி, இது நிலவாகை. கடுக்காய்த் துவர்ப்புக்குப் பின்னால் வருகிற வழவழப்பும் குமட்டலும் அதுதான். இதையா தினமும் தின்றீர்கள்?”

நிலவாகை. அதற்குத்தான் ஸ்வர்ணபத்ரி என்று வடமொழியில் பெயர். அவர் சொன்னவுடன் எனக்கு வெட்கமும் கோபமும் சேர்ந்து வந்தன. ஏனென்றால் நான் அந்தச் செடிக்கு நடுவில் வளர்ந்தவன். சாத்தான்குளம் பக்கம் என் தாத்தாவுக்கு மூன்று ஏக்கர் செவக்காடு இருந்தது. மழையை நம்பிய நிலம். அதில் அவர் போட்டது இதைத்தான். எங்கள் பக்கத்து விவசாயிகள் அவுரி என்பார்கள். (தலைக்குச் சாயம் போடும் நீலி என்கிற அவுரி வேறு, இரண்டுக்கும் ஒரே பெயர் வழங்குவதால் கடையில் கேட்டு வாங்குபவர்கள் கவனமாக இருக்க வேண்டும்.) மஞ்சள் பூ, தட்டையான காய், கூரிய சிறு இலை. ஆடு மாடு வாய் வைக்காது என்பதால் வேலிகூடப் போட மாட்டார் தாத்தா. இலையை உருவி நிழலில் பரப்பி, பசுமை மாறாமல் உலர்த்தி, சாக்கில் அடைத்தால் தூத்துக்குடி வியாபாரி வந்து எடுத்துப்போவார். அங்கிருந்து கப்பலேறிய இலைக்கு ஐரோப்பியச் சந்தையில் ‘டின்னவெல்லி சென்னா’ என்றே பெயர். எங்கள் ஊரின் பெயர் உலக மருந்து நூல்களில் ஏறியிருப்பது இந்த இலையால்தான். அந்த இலை பெயர் மாறி, மூங்கில் மூடி போட்டுக்கொண்டு, 649 ரூபாய்க்கு என் வீட்டுக்கே திரும்பி வந்திருக்கிறது. எனக்கு அடையாளம் தெரியவில்லை.

இலையின்மேல் எனக்குக் கோபம் இல்லை. அது நல்ல மருந்து. ஆனால் மருந்து. அம்மா எங்களுக்கு வருடத்தில் இரண்டு மூன்று முறை கொடுப்பாள். மூன்று விரலில் அள்ளும் அளவு இலை, ஒரு துண்டு சுக்கு, கொஞ்சம் சோம்பு, வெந்நீரில் ஊறவைத்து வடிகட்டி, இரவில். மறுநாள் பள்ளிக்கூடம் கிடையாது. மதியம் மோர்ச்சோறு, உப்பு போட்டது. வெயிலில் போகக்கூடாது. கர்ப்பமாக இருந்த சித்திக்கும் நோஞ்சானாக இருந்த என் தம்பிக்கும் கொடுக்க மாட்டாள். சித்த மருத்துவ வழக்கில் பேதி மருந்துக்கு நான்கு மாதத்துக்கு ஒருமுறை என்று கணக்குச் சொல்வார்கள். அதாவது வருடத்துக்கு மூன்று நாள். அதே இலையை நான் இருநூற்று நாற்பது இரவு சாப்பிட்டிருக்கிறேன்.

பாளையங்கோட்டையில் 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. என் அச்சகத்திலிருந்து நடந்தே போய்விடலாம். எட்டு மாதம் சாப்பிட்டபோது ஒருநாளும் அங்கே போய்க் கேட்கவில்லை. நிறுத்திய பிறகுதான் போனேன். அங்கே இருந்த மருத்துவர் நிதானமாக விளக்கினார். நிலவாகையின் சத்து சென்னோசைடு. அது இரைப்பையிலும் சிறுகுடலிலும் மாறாமல் அப்படியே இறங்கும். பெருங்குடலில் வாழும் நுண்ணுயிர்கள்தாம் அதை உடைத்து வீரியமுள்ள பொருளாக மாற்றுகின்றன. அதனால்தான் இரவில் சாப்பிட்டால் எட்டு மணி நேரம் கழித்து, விடியற்காலையில் வேலை செய்கிறது. இரண்டு விதமாக வேலை செய்யும். குடல் தசையைத் தூண்டிச் சுருங்க வைக்கும். என் நாலரை மணி முறுக்கு அதுதான். குடல் உறிஞ்ச வேண்டிய தண்ணீரை உறிஞ்சவிடாமல் உள்ளேயே நிறுத்தும். தண்ணீராகப் போனது அதனால். உப்புகளும் அந்தத் தண்ணீரோடு போகும். சிறுநீர் நிறம் மாறியதும் இதே சத்து உடைந்து வெளியேறியதால்தான், அதுமட்டும் பயப்பட வேண்டியதில்லை என்றார்.

அவர் சொன்ன இன்னொன்று என் மனதில் தங்கிவிட்டது. நிலவாகைச் சூரணத்தில் நிலவாகையோடு சுக்கு, மிளகு, ஓமம், வாய்விடங்கம் சேரும். வயிற்றை முறுக்கும் குணத்தைச் சுக்கும் ஓமமும் தணிக்கின்றன. அம்மா போட்ட சுக்குத் துண்டும் அதற்குத்தான். அவளுக்கு யாரும் சென்னோசைடு பற்றிச் சொல்லித்தரவில்லை. ஆனால் எதோடு எதைச் சேர்ப்பது, எத்தனை நாளில் நிறுத்துவது என்பது தெரிந்திருந்தது. பாட்டில்காரர்கள் அந்த இலையை மட்டும் எடுத்துக்கொண்டு, அதனோடு வந்த கட்டுப்பாட்டை விட்டுவிட்டார்கள்.

இனி லேபிள். முப்பத்து நான்கு வருடமாகச் சிறிய எழுத்து படிக்கிறவன் நான். இதையும் பூதக்கண்ணாடி வைத்து வரிவரியாகப் படித்தேன். முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் மலச்சிக்கலுக்கு நிரந்தரத் தீர்வு. பின்பக்கத்தில், எறும்பு அளவு எழுத்தில், ‘மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல’. இரண்டில் ஒன்றுதானே உண்மையாக இருக்க முடியும்? உரிம எண் பதினான்கு இலக்கம். அது எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. என்கிற உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் எண், அதாவது இது உணவுப் பொருளாக விற்கப்படுகிறது. சித்த, ஆயுர்வேத மருந்தாக இருந்தால் மருந்து தயாரிப்பு உரிம எண் இருக்கும். அந்த வேறுபாட்டை எட்டு மாதம் கழித்துத்தான் கவனித்தேன். ‘தனியுரிமைக் கலவை 1000 மி.கி.’ என்று ஐந்து பொருளுக்கும் சேர்த்து ஒரே எண். எதில் எவ்வளவு என்று இல்லை. சென்னோசைடு அளவு பெரியவர்களுக்கு வழக்கமாக இரவில் 15 முதல் 30 மில்லிகிராம், அதுவும் சில நாட்களுக்கு மட்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, மருத்துவர் பார்க்காமல் ஒரு வாரத்துக்கு மேல் வேண்டாம் என்கிறது. நான் எவ்வளவு சாப்பிட்டேன் என்பது எனக்கும் தெரியாது, என் மருத்துவருக்கும் தெரியாது.

நான் பட்டது நிலவாகையால். ஆனால் இந்த எட்டு மாதத்துக்குப் பிறகு யாரைப் பார்த்தாலும் இதைப் பற்றியே பேசுவதால், மற்றவர்கள் கதையும் வந்து சேர்கிறது. சம்பந்தி அம்மாள் தூக்கம் வருவதற்காக அமுக்கரா கேப்சூலை வெறும் வயிற்றில் சாப்பிட்டு, குமட்டலும் கழிச்சலுமாக ஒரு மாதம் கிடந்தார். நாம் அமுக்கராப் பொடியைப் பாலில் கலந்து சாப்பிடுவோம். சத்தைப் பிழிந்தெடுத்து அடைத்த கேப்சூல் அதே பொருள் அல்ல. அச்சகத்தில் தாள் வெட்டும் தம்பி இசப்கோலை அரை டம்ளர் தண்ணீரில் விழுங்கி, அது வயிற்றுக்குள் களியாக இறுகி, மலச்சிக்கல் இருமடங்காகி வந்தார். இசப்கோலுக்குப் பெரிய டம்ளர் நிறையத் தண்ணீர் வேண்டும், பின்னாலேயே இன்னொன்றும் குடிக்க வேண்டும். எனக்கு மிகவும் கவலை தருவது மஞ்சள் மாத்திரை. குழம்பில் போடும் மஞ்சளில் குர்குமின் நூற்றுக்கு மூன்று பங்கு அளவில்தான் இருக்கும். மாத்திரையில் அதை மட்டும் பிரித்துச் செறிவாக்கி, உடம்பு நிறைய உறிஞ்சட்டும் என்று மிளகின் காரச்சத்தையும் சேர்க்கிறார்கள். நெஞ்செரிச்சல், கழிச்சலோடு நின்றால் பரவாயில்லை. 2019இல் இத்தாலியில் மஞ்சள் மாத்திரை சாப்பிட்டவர்களில் சிலருக்குக் கல்லீரல் அழற்சி வந்து, அரசே எச்சரிக்கை விட வேண்டியதாயிற்று. அடுக்களையில் இருக்கும் பொருள் என்பதால் எந்த அளவிலும் தீங்கில்லை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். கண்ணும் தோலும் மஞ்சளாகி, சிறுநீர் கறுத்து, பசியே இல்லாமல் போனால் அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும்.

நிறுத்துவது எனக்கு எளிதாக இருக்கவில்லை. முதல் ஐந்து நாள் வயிறு கல். தூண்டுதல் இல்லாமல் குடல் தன் வேலையை மறந்துவிட்டது போல இருந்தது. இரண்டு முறை பாட்டிலைக் கையில் எடுத்தேன். மனைவி அதை வாங்கி அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்துவிட்டாள். முழுவதும் சரியாக ஆறு வாரம் ஆனது. மருத்துவமனையில் கொடுத்த பொட்டாசியம் சிரப்பு பத்து நாள். அதன் ருசியை விவரிக்காமல் விடுகிறேன். ரத்தக்கொதிப்பு மாத்திரையையும் டாக்டர் மாற்றிக் கொடுத்தார். சித்த மருத்துவர் மருந்தே தரவில்லை. காலையில் எழுந்தவுடன் இரண்டு டம்ளர் வெந்நீர், சாப்பிட்ட பத்து நிமிடத்தில் தேவை இருந்தாலும் இல்லாவிட்டாலும் கழிவறைக்குப் போய் உட்காருவது, தினமும் ஏதாவது ஒரு கீரை, மாலையில் அரை மணி நேர நடை. நான்காம் வாரம் ஒரு காலை, வலியில்லாமல், ஓடாமல், சாதாரணமாக நடந்தது. பல் தேய்த்துக்கொண்டிருந்த மனைவியிடம் போய்ச் சொன்னேன். அவள் கை எடுத்துக் கும்பிட்டாள். இப்போது பொட்டாசியம் 4.2. பதினெட்டுப் படியும் ஒரே மூச்சில் ஏறுகிறேன்.

நாட்டு மருந்துக் கடைக்கு முழு மதிப்பெண் கொடுக்கிறேன். அந்தக் கடையில் பலகைப் பெட்டிகளில் பெயர் தமிழில் எழுதியிருக்கிறது. கேட்டால் மூடியைத் திறந்து காட்டுவார், மோந்து பார்க்க விடுவார். நான் போன அன்று ஒரு பெண் உடம்பு இளைக்க நிலவாகைப் பொடி நூறு கிராம் கேட்டு வந்தார். “எதற்கு, யாருக்கு, வேறு மருந்து உண்டா” என்று மூன்று கேள்வி கேட்டுவிட்டு, அதற்குத் தர முடியாது தாயி என்று திருப்பி அனுப்பினார். இளைப்பது தண்ணீர்தான், கொழுப்பு இல்லை என்று என்னிடம் சொன்னார். வந்த வியாபாரத்தை வேண்டாம் என்று சொன்ன அந்த மனிதரின் கடை ஏழடி அகலம்கூட இருக்காது.

மாத்திரைக்கு ஐந்தில் ஒன்று. அந்த ஒன்றும், முதல் வாரம் அது சொன்ன வேலையைச் செய்தது என்பதற்காக. பணத்தைத் திருப்பித் தருவதாக நிறுவனத்தில் இருந்து மின்னஞ்சல் வந்தது. வேண்டாம் என்று எழுதிவிட்டேன். உணவுப் பாதுகாப்புத் துறைக்கு ரசீதுகளின் நகலோடு புகார் அனுப்பியிருக்கிறேன். அதற்குமேல், என் கைக்குத் தெரிந்த வேலையையும் செய்தேன். பாட்டிலின் லேபிளைத் தண்ணீரில் ஊறவைத்து உரித்து, வெள்ளைத்தாளில் ஒட்டிக் காயவைத்தேன். சிவப்பு மசியில் மெய்ப்புத் திருத்தினேன். ஸ்வர்ணபத்ரியை அடித்து, ‘நிலவாகை இலை, பேதி மருந்து’ என்று ஓரத்தில் எழுதினேன். ‘தனியுரிமைக் கலவை’ என்ற இடத்தில் விடுபட்டதற்கான குறி போட்டு, ‘ஒவ்வொன்றின் அளவு?’ என்று கேட்டேன். ‘தினமும்’ என்பதை அடித்து, ‘ஒரு வாரத்துக்கு மேல் வேண்டாம்’. கீழே இருந்த வெற்றிடத்தில் ஒரு புதிய வரி சேர்த்தேன்: ‘கர்ப்பிணிகள், நீர் பிரிக்கும் மாத்திரை அல்லது இதய மருந்து சாப்பிடுகிறவர்கள், காரணம் தெரியாத வயிற்றுவலி உள்ளவர்கள் சாப்பிடக்கூடாது. வயிறு முறுக்கினால் நிறுத்தவும்.’ ‘பக்கவிளைவு இல்லை’ என்ற வரிக்கு நேராக நீக்கற்குறி போட்டு, உள்நோக்கிப் படத்தின் நகலைப் பின்குத்தி, ஸ்பீடு போஸ்ட்டில் அவர்களுடைய முகவரிக்கு அனுப்பினேன். சேர்ந்துவிட்டதாக நான்காம் நாள் செய்தி வந்தது. திருத்திய படி இன்னும் வரவில்லை.